ஊஞ்சல் மாட்ட கொக்கி இல்லாத வீட்டுக்கு ஒரு கிளைடர் சேர்

திருநெல்வேலியில எங்க பழைய வீட்டு ஹால்ல ஒரு ஊஞ்சல் இருந்தது. இரும்புச் சங்கிலி, ஆறடி தேக்குப் பலகை. ஆச்சிக்கு காலையில காபி, மதியம் தூக்கம், சாயங்காலம் பேப்பர் எல்லாமே அதுலதான். போன வருஷம் வாடகை வீட்டு முதல் மாடிக்கு மாறினோம். சீலிங்ல கொக்கி இல்ல, ஓட்டை போட வீட்டு ஓனர் சம்மதிக்கல. பலகை பரண்ல ஏறிடுச்சு. ஆச்சி பிளாஸ்டிக் சேர்ல உக்கார்ந்து, பழக்கத்துல காலால தரையை உந்திக்கிட்டே இருப்பாங்க. சேர் நகரவே நகராது.

அதைப் பார்த்துத்தான் கிளைடர் சேர் செய்யலாம்னு தோணுச்சு. நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். அதுக்கு முன்னாடி மரத்துல ஒரு முக்காலிகூட செஞ்சதில்ல. "அந்தப் பலகையில ஒரு துண்டு அறுத்து சீட்டா போட்டுக்கவா ஆச்சி?"ன்னு கேட்டேன். "பரண்ல கெடந்து என்ன செய்யப்போவுது? அறுட்டி. கெடுத்துராத"ன்னாங்க. அந்தக் கடைசி வார்த்தைதான் பயம். தப்பா அறுத்தா அதே மாதிரி பலகைக்கு எங்க போறது? அதனால பலகையைக் கடைசி வரைக்கும் தொடவே கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

கிளைடர்னா என்ன?

ராக்கிங் சேருக்கு அடியில வளைஞ்ச கட்டை இருக்கும், அது தரையில உருளும். கிளைடர்ல அடிச்சட்டம் அசையாம நிக்கும். அதுலேர்ந்து நாலு கட்டைங்க கீழ தொங்கும். அதுக்கு கைன்னு பேர் வச்சுக்குவோம். அந்த நாலு கையோட கீழ் முனையில சீட் தொங்குது. பக்கவாட்டுல நின்னு பார்த்தா நாம நாலாவது செமஸ்டர்ல கைனமேடிக்ஸ்ல படிச்ச அதே ஃபோர்-பார் லிங்கேஜ்: அடிச்சட்டம் ஃபிக்ஸட் லிங்க், முன்கையும் பின்கையும் ரெண்டு ராக்கர், சீட்தான் கப்ளர்.

ரெண்டு கையும் ஒரே நீளம், மேல் பிவட்டுக்கு நடுவுல இருக்கற தூரமும் கீழ் பிவட்டுக்கு நடுவுல இருக்கற தூரமும் சமம்னா அது பேரலலோகிராம். அப்போ சீட் சாயாம, தரைக்கு இணையாவே முன்னும் பின்னும் போகும். கீழ் தூரத்தை மேல் தூரத்தை விட அதிகமா வச்சா ரெண்டு கையோட கோடும் சீட்டுக்கு மேல எங்கேயோ சந்திக்கும். முன்னாடி போகும்போது சீட்டோட முன்பக்கம் லேசா தூக்கும். கீழ் தூரத்தைக் குறைச்சா முன்பக்கம் இறங்கும், ஆளைத் தள்ளிவிடற மாதிரி இருக்கும். முதல் தடவை செய்யறவங்களுக்கு பேரலலோகிராம்தான் நல்லது.

எவ்வளவு வேகத்துல ஆடும்?

பேரலலோகிராம்ல சீட் சுழலாததால அது சாதாரண பெண்டுலம் மாதிரிதான். ஒரு ஆட்டத்துக்கு ஆகற நேரம் = 2 × பை × ரூட் (கை நீளம் ÷ 9.81). உக்கார்றவர் எடைக்கு இதுல வேலையே இல்ல.

பழைய ஊஞ்சல் சங்கிலி சுமார் 2 மீட்டர். கணக்குப் போட்டா ஒரு ஆட்டத்துக்கு 2.8 செகண்ட். நான் முதல்ல வச்ச கை நீளம் 25 செ.மீ.; அது 1 செகண்ட். பேக்கிங் கட்டையில செஞ்ச அந்த முதல் மாடல்ல ஆச்சி உக்கார்ந்ததும் சொன்னது: "என்னட்டி இது, வெடுக்கு வெடுக்குன்னு ஆடுது. மாட்டு வண்டி மாதிரி."

நேரத்தை ரெண்டு மடங்காக்கணும்னா நீளத்தை நாலு மடங்காக்கணும். சேருக்குள்ள அதுக்கு இடமே இல்ல. மேல் பிவட்டைக் கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழ 54 செ.மீ. உயரத்துலயும், கீழ் பிவட்டைத் தரையிலேர்ந்து 18 செ.மீ.லயும் வச்சா 36 செ.மீ. கிடைக்கும். அதுக்கு 1.2 செகண்ட். ஊஞ்சலோட நிதானம் வராது, ஆனா அந்த வெடுக்கு போயிடும்.

அளவு முக்கியமில்ல, ஒண்ணு போல இருக்கணும்

முதல் மாடலோட பெரிய பிரச்சினை வேற. ஒவ்வொரு கையையும் டேப் வச்சு அளந்து, பென்சில் கோடு போட்டு, தனித்தனியா ஓட்டை போட்டேன். சீட்டை மாட்டினதும் கிரீச்சுன்னு சத்தம். பாதி தூரம் போய் இறுகி நின்னுடுச்சு. கழட்டி அளந்தா நாலு கையும் 249, 250, 251, 253 மி.மீ.

4 மி.மீ.க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? மேஜையை யோசிங்க. மூணு கால் மேஜை எப்பவும் ஆடாது. நாலு கால் மேஜையில ஒரு கால் குட்டையா இருந்தா ஆடும். இங்க சீட் நாலு கையில தொங்குது. இடது பக்கம் ஒரு லிங்கேஜ், வலது பக்கம் ஒரு லிங்கேஜ், நடுவுல விறைப்பான சீட். ரெண்டு பக்கமும் வேற வேற விதமா நகரப் பார்த்தா சீட் முறுக்கிக்கும், பிவட் இறுகும். ஓட்டை செங்குத்தா இல்லாம சாஞ்சிருந்தாலும் இதே கதைதான்.

எங்க தெருவுல பட்டறை வச்சிருக்கற ஆசாரி மாமாகிட்ட காட்டினேன். அவர் டேப்பை எடுக்கவே இல்ல. "ஏம்மா, நாலு தடவை அளந்தா நாலு அளவுதானே வரும்? ஒரு தடவை அளந்து அச்சு பண்ணிக்கோ"ன்னார்.

ஒரு இரும்புப் பட்டையை லேத் பட்டறையில கொடுத்து மூணு ஓட்டை போட்டு வாங்கினேன். முதல் ஓட்டைலேர்ந்து 36 செ.மீ.ல ஒண்ணு, கை நீளத்துக்கு. 40 செ.மீ.ல இன்னொண்ணு, அடிச்சட்டத்துக்கும் சீட்டுக்கும் பிவட் தூரம். பட்டையை மரத்துல சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, அந்த ஓட்டை வழியாவே ட்ரில். முதல் ஓட்டை போட்டதும் அதுல ஒரு போல்ட்டைச் சொருகிட்டு அடுத்ததைப் போடணும், பட்டை நகராது. வந்த பட்டையை அளந்தா 36 செ.மீ. இல்ல, 357 மி.மீ. பரவாயில்ல. நாலு கையும் 357. அது போதும்.

இந்த சேர்ல துல்லியம் வேண்டிய இடம் பிவட் ஓட்டைங்க மட்டும்தான். மத்த இடத்துல 2 மி.மீ. கூடக் குறைய இருந்தா கண்ணுக்குத்தான் தெரியும், ஆட்டத்துல தெரியாது.

மரம், பேரிங், போல்ட்

மரம், பழைய மரக்கடையில வாங்கின ஜன்னல் சட்டம். இடிச்ச வீட்டு மரம் பல வருஷம் காய்ஞ்சது, இனிமே கோணாது. ஆனா உள்ள ஆணி இருக்கும். அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை மேல ஓட்டிப் பாருங்க. நான் பார்க்காம ஒரு ரம்பத்தோட பல்லை உடைச்சேன். மூட்டுக்கு, ரெண்டு கட்டையிலயும் பாதி பாதி வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வச்சு, மரப் பசை போட்டு ஸ்க்ரூ அடிச்சேன். பிகினருக்கு இதுதான் எளிசு.

பிவட்டுக்கு 608 பேரிங், ஸ்கேட்டிங் வீல்ல வர்ற அதே சைஸ்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. கையோட ரெண்டு முகத்துலயும் ஒவ்வொண்ணு, மொத்தம் 16. பேரிங்குக்கும் மரத்துக்கும் நடுவுல சின்ன வாஷர் போடணும், அது உள் வளையத்தை மட்டும்தான் தொடணும். பெரிய வாஷர் போட்டா அது வெளி வளையத்துலயும் மரத்துலயும் உரசும், பேரிங் போட்டதே வீண். போல்ட் எம்8, லூசாகாம இருக்க நைலாக் நட்.

"8 மி.மீ. போல்ட் ஆளைத் தாங்குமா?"ன்னு அம்மா கேட்டாங்க. 100 கிலோ ஆள்னா 981 நியூட்டன். நாலு கைக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு சுமார் 245. போல்ட்டோட குறுக்குப் பரப்பு 50 சதுர மி.மீ., அப்போ ஷியர் சுமார் 5 மெகாபாஸ்கல். சாதாரண 4.6 கிரேடு போல்ட்டோட ஈல்டே 240. சமமா பிரியாம ரெண்டு கையில மட்டும் பாரம் வந்தாலும் கவலையில்ல.

விரலும் ஆப்பும்

கணக்கெல்லாம் சரியா வந்த பிறகு ரெண்டு விஷயம் மிச்சம் இருந்தது.

ஒண்ணு, விரல். அசையற கட்டைக்கும் அசையாத கட்டைக்கும் நடுவுல இடைவெளி ஒண்ணு 5 மி.மீ.க்குக் கீழ இருக்கணும், இல்ல 25 மி.மீ.க்கு மேல இருக்கணும். நடுவாந்திரமா இருந்தா குழந்தை விரல் உள்ள போயிடும். அதோட, முன்னும் பின்னும் 12 டிகிரியில ரப்பர் ஸ்டாப்பர் வச்சேன். சீட் அந்தப் பக்கம் ஏழரை செ.மீ., இந்தப் பக்கம் ஏழரை செ.மீ. போகும்.

இன்னொண்ணு என் தலையில ஏறவே இல்ல. முதல் நாள் ஆச்சி நல்லா ஆடிட்டு எழுந்திருக்கக் கைப்பிடியை ஊன்றினாங்க. சீட் பின்னாடி வழுக்கிப் போச்சு. நான் பக்கத்துல நின்னதால பிடிச்சேன். பேரிங் எவ்வளவு நல்லா ஓடுதோ அவ்வளவு ஆபத்து. ஊஞ்சல்ல அவங்க சங்கிலியைப் பிடிச்சு எழுந்து பழகினவங்க. இங்க பிடிக்க எதுவும் அசையாம இல்ல.

அன்னைக்கே ஒரு ஆப்பு செஞ்சேன். கை நேரா தொங்கும்போது அது அடிச்சட்டத்தோட நிமிர்ந்த கட்டைக்குப் பக்கத்துல ஒட்டினாப்புல நிக்கும். பிவட்டுக்கு 12 செ.மீ. கீழ ரெண்டையும் சேர்த்து ஒரு ஓட்டை, அதுல 10 மி.மீ. இரும்புக் கம்பி, தலையில மரப் பிடி. உக்கார்ந்தபடியே எட்டும். சொருகினா சாதாரண நாற்காலி, உருவினா கிளைடர். வீட்டுல வயசானவங்களுக்கு செய்யறீங்கன்னா ஆப்பை முதல் நாளே செஞ்சுடுங்க.

இதெல்லாம் சரியாச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் பரண்லேர்ந்து பலகையை இறக்கினேன். அரை மீட்டர் துண்டு. ஆசாரி மாமா பட்டறையில, அவர் பக்கத்துல நிக்க, நான்தான் அறுத்தேன். மேல் பக்கத்தை இழைக்கல, உப்புத்தாள் மட்டும்தான். ஆச்சி உக்கார்ந்து உக்கார்ந்து வழவழன்னு ஆன பக்கம் அது.

செலவு ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி, நேரம் ஏழு ஞாயிற்றுக்கிழமை. இப்போ சாயங்காலம் பேப்பர் அந்த சேர்லதான். எழுந்திருக்கும்போது டக்குன்னு ஆப்பு விழற சத்தம் கிச்சன் வரைக்கும் கேக்கும். மிச்சப் பலகை பரண்ல இருக்கு, தம்பி அவனுக்கும் ஒண்ணு கேக்கறான். இரும்புப் பட்டையை நான் பத்திரமா வச்சிருக்கேன்.