கணினியின் காட்சிமொழி

கருவி எதுவாயினும், அதனைக் கையாள்வோர்க்கு விளங்கும் மொழியில் அமைதல் நன்று. இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும். ‘திற’, ‘சேமி’, ‘அச்சிடு’ முதலிய ஏவல்களைத் திரையில் காட்டி, கணினியின் உறுப்புகளை ஒருங்கே இயக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். அவ்வேவல்கள் தோன்றும் மொழியே காட்சிமொழி. பயன்படுத்துவோர் அதனைத் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கின்றது? கணினி எழுத்துகளை எண்களாகவே கொள்கின்றது. பல மொழிகளின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வகுத்த முறை யூனிகோடு ஆகும். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. அம்முறையில் ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949. மேலும், வேலையைச் செய்விக்கும் கட்டளைகள் ஒருபுறமும், திரையில் தோன்றும் சொற்கள் மற்றொருபுறமுமாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. ஆதலின், வீட்டை இடிக்காமல் அதன் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவதுபோல, ஒரு மொழியின் சொற்றொகுதிக்கு ஈடாக மற்றொன்றை அமர்த்துதல் இயலுகின்றது.

விண்டோஸ் 11 இயங்குதளத்தில், அமைப்புகள் பகுதியைத் திறந்து, நேரம், மொழி ஆகியவற்றிற்குரிய பிரிவில் தமிழைச் சேர்த்தல் வேண்டும். தமிழ்ச் சொற்றொகுதி இணையத்தின் வழியே வந்து சேரும். பின்னர்த் தமிழைக் காட்சிமொழியாகத் தேர்ந்து, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால் திரையில் தமிழ் தோன்றும். இதனால், முன்னரே எழுதி வைத்த கோப்புகள் மொழி மாறுவதில்லை. மொழிபெயர்க்கப்படாத பகுதிகளும் ஆங்கிலத்திலேயே நிற்கும்.

மொழிபெயர்ப்போ கணினி தானே செய்துகொண்ட பணியன்று. அறிந்தோர் பலர் ஆய்ந்து செய்தது. ஆங்கில ஏவலில் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வரும். தமிழில் செயப்படுபொருள் முன்னும் வினை பின்னும் வருதலே இயல்பு. ஆதலின், சொல்லுக்குச் சொல் வைத்தல் போதாது; தொடர் முழுவதையும் தமிழ் மரபுக்கேற்ப அமைத்தல் வேண்டும். குனோம், கேடிஇ முதலிய கட்டற்ற மென்பொருள்களைத் தன்னார்வலர் பலர் இங்ஙனம் தமிழாக்கியுள்ளனர்.

இத்தகைய முயற்சிக்கு ஐஸ்லாந்து நாடு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1999 ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த மக்கள் மூன்று இலட்சத்திற்கும் குறைவினர். எனினும், கணினித் திரையில் நாளும் பிறமொழியையே காணும் இளைஞர் தம் மொழியைப் புறக்கணிப்பரோ என அந்நாட்டார் அஞ்சினர். அவ்வாண்டிலேயே, விண்டோஸ் 98 இயங்குதளத்தை ஐஸ்லாந்திய மொழியில் வெளியிடுதற்கு அந்நாட்டு அரசு மைக்ரோசாப்ட் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. கணினிக்கு அவர்கள் வழங்கும் பெயரும் கடன் சொல்லன்று. ‘எண்’, ‘குறி சொல்லும் பெண்’ என்னும் பொருளுடைய தம் மொழிச் சொற்கள் இரண்டனை இணைத்து ஆக்கியதாகும்.

தாய்மொழி ஒன்றே அறிந்த உழவரும் முதியோரும் கணினியின் பயனைப் பெறுதற்குக் காட்சிமொழி வாயிலாக அமைகின்றது. அவ்வாயில் திறந்தே இருத்தல், அதனைப் பயன்படுத்துவோரையும் பொறுத்தது அன்றோ? எனவே, மாணவர் தம் கணினியில் தமிழை அமர்த்திப் பழகுதல் வேண்டும். விளங்காத சொற்களைக் கண்டால் குறித்துவைத்து, அவற்றினும் தெளிவான சொற்களைத் தேடுதல் வேண்டும். அம்முயற்சியால் மொழியும் வளரும். கணினியும் பலர்க்குப் பயன்படும்.