கை எங்கே இருக்கிறது?

முழங்காலில் வைத்த விரலை எடுத்து மூக்கைத் தொட வேண்டும். கண்களை மூடிக்கொண்டு, வேகமாக, ஐந்து முறை. பக்கவாதம் தாக்கிய கை எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்று பார்க்க பிசியோதெரபிஸ்ட்டுகள் செய்யச் சொல்லும் சோதனை இது. ஸ்வீடன் மருத்துவர் ஆக்செல் ஃபூகல்-மேயரும் சகாக்களும் 1975இல் வகுத்த அளவுகோலில் இடம்பெற்றது. அதில் உள்ள ஒவ்வொரு கூறுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். கைக்கு மொத்தம் 66.

மூக்கைத் தொடும் சோதனையில், நல்ல கையைவிட 2 முதல் 5 வினாடி பிந்தினால் வேகத்துக்கு 1 மதிப்பெண். ஐந்து வினாடி பிந்தியவர் மாதக்கணக்கில் பயிற்சி செய்து இரண்டு வினாடிக்கு வந்தாலும் அதே 1தான். பட்ட பாடு தாளில் ஏறுவதில்லை.

இந்தக் குறையைப் போக்க வந்தவை கணினிவழிச் சோதனைக் கருவிகள். கனடாவின் கிங்ஸ்டன் நகரில், குயின்ஸ் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் ஸ்டீபன் ஸ்காட் உருவாக்கிய 'கின்ஆர்ம்' அவற்றில் ஒன்று. நோயாளி நாற்காலியில் அமர்ந்து, மோட்டார் பொருத்திய இரு தாங்கிகளில் கைகளை வைக்கிறார். கைகள் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். எதிரே ஒளிப்புள்ளி தோன்றியதும் அங்கே கையை நகர்த்த வேண்டும். எவ்வளவு தாமதமாகப் புறப்பட்டது, எந்தப் பக்கம் விலகியது, வழியில் எத்தனை முறை தயங்கியது என அனைத்தையும் கணினி பதிவு செய்து, அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களின் அளவோடு ஒப்பிடுகிறது.

இன்னொரு சோதனையில் இயந்திரமே பாதித்த கையை ஓரிடத்துக்கு நகர்த்தும். கண்ணால் பார்க்காமலே, மறு கையைக் கண்ணாடிப் பிம்பம்போல அதற்கு நேரான இடத்தில் வைக்க வேண்டும். ஓரளவு பலம் திரும்பிய சிலர்கூட இதில் பல சென்டிமீட்டர் தவறுகிறார்கள். தம் கை எங்கே இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. முதுகுப்பக்கம் சட்டைக் கைக்குள் கையை நுழைக்க அவர்கள் திணறுவதற்கு இதுவும் காரணம். பலம் கூட்டும் பயிற்சி மட்டும் அவர்களுக்குப் போதாது.

இக்கருவி விலை கூடியது. பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது. பொத்தான் போடும் விரல்களின் நுட்பத்தை அது அளப்பதில்லை. வலி எங்கே, மனம் எப்படி என்று கேட்டறிய பிசியோதெரபிஸ்ட்தான் வேண்டும்.

ஆனால் சிறு முன்னேற்றத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்று அக்கருவி கற்றுத்தரும் பாடம் எல்லோருக்கும் உதவும். உங்கள் வீட்டில் பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர் இருந்தால், அவர் சட்டை மாட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது அந்தத் தாளைச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். அதற்கும் முன், மீண்டு வருபவரிடமே காட்டுங்கள்.