சுழியத்தை எங்கே வைப்பது?

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘எச்.பி. 11.8’ என்று வந்துவிட்டால் போதும், அன்று மாலையே வீட்டில் முருங்கைக்கீரை வந்து இறங்கிவிடும். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 0.2 கிராம் குறைகிறது. அந்தக் குறைவை யார், எப்படிக் கண்டார்கள்?

எந்த லேப்பிலும் ஹீமோகுளோபினை எடை போட்டுப் பார்ப்பதில்லை. ரத்தம் கலந்த கரைசலின் ஒரு பக்கம் ஒளியை விடுகிறார்கள். மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்க்கிறார்கள். வழியில் காணாமல் போன ஒளிதான் அளவு. சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதிகள் என்று உயிர்வேதியியல் லேப்பில் நடக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் ஓடுகின்றன. காணாமல் போனதைக் கணக்கிட வேண்டுமென்றால், முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். சிக்கலெல்லாம் அங்கேதான்.

முன்பெல்லாம் கண்ணே கருவி. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹெர்மன் சாலியின் பெயரால் வழங்கும் முறையில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு ரத்தத்தை விட்டால் அது பழுப்பாக மாறும். பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடித் துண்டின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை துளித்துளியாகத் தண்ணீர் சேர்த்து, குழாயில் நீர் நிற்கும் கோட்டைப் படிக்க வேண்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நெடுங்காலம் புழங்கிய முறை இது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் ஓர் எண், டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தால் இன்னோர் எண். பார்ப்பவர் மாறினாலும் எண் மாறும்.

கண்ணை நம்பாமல் கணக்கை நம்பலாம் என்பதற்கான அடிப்படையை பிரெஞ்சுக்காரர் பியர் பூகே 1729-லேயே எழுதிவிட்டார். ஒரே தடிமனுள்ள அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், ஒவ்வோர் அடுக்கும் ஒரே அளவு ஒளியைப் பிடிப்பதில்லை. தன்னிடம் வந்து சேர்வதில் ஒரே பங்கைப் பிடிக்கிறது. கையில் இருப்பதில் பாதியைக் கேட்கும் சுங்கச்சாவடிகள் வரிசையாக நிற்பதுபோல: நூறு ஐம்பதாகும், ஐம்பது இருபத்தைந்தாகும். 1760-ல் லாம்பெர்ட் இதைக் கணித வடிவில் நிறுத்தினார். 1852-ல் ஆகஸ்ட் பேயர், நிறக் கரைசல்களில் அடர்த்தி கூடுவதும் பாதை நீள்வதும் ஒரே விளைவைத் தருகின்றன என்று காட்டினார்.

இந்தப் பெருக்கல் கணக்கைக் கூட்டல் கணக்காக்க மடக்கை உதவுகிறது. நுழைந்த ஒளியில் 10 சதவீதம் வெளியே வந்தால் உறிஞ்சல் அளவு 1. ஒரு சதவீதம் வந்தால் 2. அடர்த்தி இரட்டித்தால் இந்த எண்ணும் இரட்டிக்கும். ஆனால் எண் மேலே போகப்போக, உணரியை எட்டும் ஒளி அற்பமாகிவிடும். கருவிக்குள் தப்பித்திரியும் ஒளியே அதைவிடப் பெரிதாகிவிடும். அதனால்தான் லேப்காரர்கள் கூடியவரை 0.1-க்கும் 1-க்கும் இடையில் நிற்கப் பார்க்கிறார்கள். ரத்தத்தை அப்படியே வைத்து அளக்காததற்கும் இதுவே காரணம்.

உலகம் முழுவதும் ஒப்புநோக்கும் முறையாக ஏற்கப்பட்டது டிராப்கின் கரைசல் முறை. 5 மில்லிலிட்டர் வெளிர்மஞ்சள் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம். அதாவது 251 மடங்கு நீர்ப்பு. பிப்பெட்டின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ரத்தத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். 20-ல் இரண்டு கூடினால் 10 சதவீதப் பிழை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஆக்சிஜன் ஏறியது, இறங்கியது, புகைப்பவர்களிடம் கார்பன் மோனாக்சைடு ஒட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கரைசலில் உள்ள ஃபெர்ரிசயனைடும் சயனைடும் சேர்ந்து அநேகமாக எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. அந்த வடிவம் 540 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சை ஒளியில், நன்றாக உறிஞ்சும். சிவப்பை அளக்கச் சிவப்பு ஒளி உதவாது. சிவப்புக் கரைசல் அதைத் தடையின்றி விட்டுவிடும். (சயனைடைக் கையாளும் தலைவலி வேண்டாமென்று இன்றைய பல தானியங்கிக் கருவிகள் சோடியம் லாரில் சல்பேட்டுக்கு மாறிவிட்டன, ஷாம்பூவிலும் பற்பசையிலும் நுரை தருகிற அதே பொருள்தான்.)

இனி சுழியம். ரத்தம் சேராத டிராப்கின் கரைசலை க்யூவெட் எனும் ஒளி புகும் சிறு குப்பியில் ஊற்றி, கருவியில் வைத்து, ‘இதுதான் பூஜ்யம்’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு பிளாங்க் என்று பெயர். வெறும் தண்ணீரை வைக்கக் கூடாது. கரைசலும் கொஞ்சம் ஒளியை எடுத்துக்கொள்ளும்; அதை ரத்தத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. க்யூவெட்டுக்கு இரண்டு பக்கம் சொரசொரப்பு, இரண்டு பக்கம் வழவழப்பு. சொரசொரப்பான பக்கத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

அப்படிப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு சென்டிமீட்டர் க்யூவெட்டில் கிடைக்கும் உறிஞ்சல் எண்ணை 36.8-ஆல் பெருக்கினால் ஹீமோகுளோபின் கிராம் கணக்கில் வந்துவிடும். 0.32 என்றால் 11.8; 0.33 என்றால் 12.1. ஒளியின் கணக்கில், 47.9 சதவீதம் வெளியே வந்தால் ரத்தசோகை, 46.8 சதவீதம் வந்தால் இல்லை. இடையில் நிற்பது ஏறக்குறைய ஒரு சதவீத ஒளி. வழவழப்பான பக்கத்தில் பதிந்த எண்ணெய்க் கைரேகை ஒன்றே ஒருவரை நோயாளிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அதே ரேகை பிளாங்க் வைத்தபோது இருந்து, பிறகு துடைக்கப்பட்டிருந்தால், நலமாக இருப்பவர் மாத்திரை வாங்கப் போவார்.

பிளாங்க் சரியாக வைத்தும் ஏமாறலாம். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்து பால்போலக் கலங்கியிருந்தால் அது ஒளியைச் சிதறடிக்கும். உணரிக்குச் சிதறியதும் உறிஞ்சப்பட்டதும் ஒன்றுதான். ஹீமோகுளோபின் கூடுதலாகக் காட்டும். கிராமங்களுக்கு எடுத்துப்போகும் ஹீமோக்யூ கருவி இதற்கொரு வழி செய்திருக்கிறது. 565 நானோமீட்டரில் நிறத்தை அளப்பதோடு, நிறத்துக்குச் சம்பந்தமில்லாத 880-லும் ஒருமுறை பார்த்து, கலங்கலைக் கழித்துவிடும். 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்ற 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் எண், விரல்நுனி ரத்தத்தை இந்த வகைக் கருவியில் வைத்து வந்ததே. விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும்; அதைக் கண்டுபிடிக்க எந்த அலைநீளத்தாலும் முடியாது.

ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனை உடம்புக்கு உள்ளேயே அளக்க வேண்டுமானால்? ரத்தமில்லாத விரலை பிளாங்க் வைக்க முடியாதே! ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் வேறொன்றுக்காக, ரத்தத்தில் செலுத்திய சாயத்தைக் காதுமடல் வழியே ஒளியால் அளந்துகொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து எண்களைக் கெடுத்தது. அந்த இடைஞ்சலை ஒழிக்கப் போனவருக்கு, இடைஞ்சலே விடை என்று பட்டது. தோல், எலும்பு, சிரை ரத்தம் எல்லாம் எடுத்துக்கொள்ளும் ஒளி மாறாது; துடிப்புக்குத் துடிப்பு மாறுவது தமனி ரத்தம் மட்டுமே. மாறாததை பிளாங்க் என்று கொண்டால் முடிந்தது. கரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 660 நானோமீட்டர் சிவப்பும் 940 அகச்சிவப்பும் செய்வது இந்தக் கழித்தல்தான். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக அழகான யோசனை இது.

ஆனால் விரல் க்யூவெட் அல்ல. தசைக்குள் ஒளி நேர்கோட்டில் போவதில்லை. பேயரின் விதி தெளிந்த கரைசலுக்கானது. எனவே தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்து, தமனி ரத்தத்தையும் எடுத்துச் சோதித்து, இரண்டையும் பொருத்திய அட்டவணையைக் கருவிக்குள் வைக்கிறார்கள். 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி ஆக்சிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளை நோயாளிகளிடம் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2013 வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது 10 தன்னார்வலர்கள். அவர்களில் கருந்தோல் உடையவர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும். 2025 ஜனவரியில் அந்த அமைப்பு முன்வைத்த புதிய வரைவு, இன்னும் அதிகம் பேரை, எல்லாத் தோல்நிறங்களிலிருந்தும் சோதிக்கச் சொல்கிறது.