தகட்டுக்கு உறை உண்டு, கைக்கு?

கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போன தலைமுறை ஒன்று உண்டு. 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. அந்த ஃபிட்டர்களின் உள்ளங்கையைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். விரலெங்கும் ஆறிப்போன வெட்டுத் தழும்புகள்.

வெட்டிய எவர்சில்வர் தகட்டின் ஓரம் சவரக்கத்திதான். எட்டுக்கு நாலு அடி, 3 மில்லிமீட்டர் ஷீட் ஒன்று ஏறக்குறைய 70 கிலோ. பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு பேர் தூக்குவார்கள். நழுவும் தகட்டைப் பிடிக்கக் கை தானாக நீளும். விரல் போவது அப்போதுதான். கண்ணாடி போடாமல் டேக் அடித்தவர், அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தவர், கண்ணில் மணல் கொட்டியதுபோல் இரவெல்லாம் துடிப்பார். பால் விடுவதுதான் தெரிந்த வைத்தியம்.

தகடும் பாடுபட்டது. இரும்பு தேய்த்த அதே சக்கரத்தால் எவர்சில்வரையும் தேய்ப்பார்கள். மாட்டிய கைப்பிடி அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும். மட்டச் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவோம். 304 என்கிற எவர்சில்வர் ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம். அது காற்றோடு சேர்ந்து மெல்லிய படலமாகி உலோகத்தைக் காக்கிறது. பல நேரம் துருப்பிடித்தது தகடல்ல, அதில் ஒட்டிய இரும்புத்தூள்.

இன்று பெரிய ஆலைகளில் லேசர் வெட்டுகிறது, உறிஞ்சு கிண்ணம் பொருத்திய கிரேன் தூக்குகிறது. எவர்சில்வருக்கென்றே தனிச் சக்கரம், தனி பிரஷ். சூட்டில் இது சாதா இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும் என்பதால், ஒரே மூச்சில் பற்றவைக்காமல் இடம் மாற்றி மாற்றி டேக் அடிக்கிறார்கள். வெல்டிங் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் உறுதியாக வகைப்படுத்தியது. புகையை இழுத்து வெளியேற்றும் குழாயும் வந்துவிட்டது.

நம் தெருவுக்கு இதெல்லாம் வரவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடியும் சமையலறைச் சுவருக்குத் தகடும் பொருத்த வருகிற பீகார், ஒடிசா பையன்கள் ரப்பர் செருப்போடு ஏணி ஏறுகிறார்கள். கீறல் விழாதிருக்கத் தகட்டுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டி வருகிறது. தூக்குகிற கை வெறுங்கை. எனக்கு இது பொறுக்கவில்லை.

அடுத்த முறை வேலைக்கு ஆள் கூப்பிடும்போது, வெட்டுத் தாங்கும் கையுறை, கண்ணாடி, ஷூ ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கூலி பேசுங்கள். ஓரத்துப் பிசிரை அரத்தால் தேய்த்த பிறகே தகட்டை மாடிக்கு ஏற்றச் சொல்லுங்கள். டிரில் போடும் முன் மட்டும் கையுறையைக் கழற்றிவிட வேண்டும். சிக்கினால் கையையே இழுத்துவிடும். அதையும் அந்தப் பையனிடம் அவன் மொழியில் சொல்ல ஓர் ஆளைப் பிடியுங்கள்.