ஒரு கப்னா எவ்ளோ பாஸ்?

ரூம்மேட்டுக்கு பர்த்டே. கடை கேக் வேணாம், நாமளே குக்கர்ல போட்டுடலாம்னு முடிவு பண்ணி நெட்ல ரெசிப்பியும் எடுத்தாச்சு. முதல் வரியே இடிக்குது: மைதா இரண்டு கப். எந்த கப்? டீ கப்பா, மெஸ்ல இருந்து 'தானா வந்த' எவர்சில்வர் டம்ளரா?

அமெரிக்க ரெசிப்பின்னா ஒரு கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியான்னா 250. ஜப்பான்னா 200. ரைஸ் குக்கரோட வர்ற பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180தான். பாட்டியோட ஆழாக்கு, படியில எட்டில் ஒரு பங்கு. ஆனா அந்தப் படியே ஊருக்கு ஊர் வேற!

சாதம், உப்புமா, தோசை மாவுக்கு இந்தக் கவலையே வேணாம். எந்த டம்ளரா இருந்தாலும் நாலு அரிசிக்கு ஒண்ணு உளுந்துன்னு அதே டம்ளரால அளந்தா கணக்கு சரியா வந்துடும். கேக்ல அது நடக்காது. டம்ளர் சின்னதாச்சுன்னா மைதா குறையும், முட்டை குறையுமா? ரெண்டு முட்டைன்னா ரெண்டு முட்டைதான்.

அடுத்த சிக்கல் எடை. கப் இடத்தைத்தான் அளக்கும், கனத்தை இல்ல. அதே 240 மில்லி கப்புல தண்ணி 240 கிராம், எண்ணெய் சுமார் 220, சர்க்கரை 200, மைதா வெறும் 120. எண்ணெய் பாக்கெட்ல 1 லிட்டருக்குப் பக்கத்துலயே 910 கிராம்னு போட்டிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா? கடைக்காரர் ஏமாத்தல மக்கா, எண்ணெய் தண்ணியை விட லேசு.

இருக்கிறதிலேயே பெரிய கேடி மைதாதான். சலிச்சு, ஸ்பூனால மெதுவா போட்டு, மேலே வழிச்சுவிட்டா 120. பாக்கெட்டுக்குள்ள கப்பை விட்டு அமுக்கி அள்ளினா 150 தாண்டும். ரெண்டு கப்புக்கு 60 கிராம் எக்ஸ்ட்ரா, அதாவது அரை கப் மைதா! கேக் செங்கல் மாதிரி வர்றதுக்கு அது போதும். கிராம்ல போட்ட ரெசிப்பி கிடைச்சா விடாதீங்க.

தராசு இல்லையா? ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை உங்க டம்ளர்ல விளிம்பு வரைக்கும் ஊத்தி எண்ணுங்க. நாலு டம்ளர்ல காலியாச்சுன்னா 250 மில்லி, அஞ்சுன்னா 200. பிரிக்காத அரைக் கிலோ சர்க்கரை பாக்கெட் இருக்கா? அது அமெரிக்கக் கணக்குல ரெண்டரை கப். ஸ்பூனுக்கும் கணக்கு உண்டு: டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15.

உப்பு மேட்டர் தனி. கல் உப்புல கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும், அதனால ஒரு ஸ்பூன்ல கம்மியாத்தான் நிக்கும். பொடி உப்பு அதே ஸ்பூன்ல நெருக்கி உட்காரும், கிட்டத்தட்ட 6 கிராம். அம்மா போன்ல 'ரெண்டு ஸ்பூன் போடுடா'ன்னா, எந்த உப்பும்மானு கேட்டுட்டு சாம்பார்ல கை வைங்க.