போன் அலறுவது சரி... எந்தத் தெருவுக்கு ஆபத்து என்று யார் சொல்வது?

2024 டிசம்பர் 2, அதிகாலை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. புதுச்சேரி, விழுப்புரம் பக்கம்தான் எல்லோர் கவனமும். ஆனால் மழை மெல்ல உள்ளே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் சாத்தனூர் அணைக்கு வந்தது. அணையிலிருந்து தென்பெண்ணை ஆற்றில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது.

அதன் பிறகு நடந்த அரசியல் சண்டை நினைவிருக்கும். முன்னறிவிப்பே இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். படிப்படியாக ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்த பிறகே திறந்தோம் என்றது அரசு. யார் சொல்வது உண்மை என்று டிவி விவாதங்கள் ஓடின.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் பயமுறுத்தும் விஷயம். எச்சரிக்கை அனுப்பப்பட்டிருக்கலாம். ஆற்றோரம் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அது வந்து சேராமலும் போயிருக்கலாம். அனுப்புவதற்கும் சேர்வதற்கும் நடுவில் என்ன நடக்கிறது?

போனில் வரும் அந்த சத்தம் என்ன?

2023 ஆகஸ்ட்டில் நாட்டின் பல இடங்களில் ஒரே நேரத்தில் செல்போன்கள் அலறின. சைலன்ட்டில் வைத்திருந்த போன்கூட விடவில்லை. என்னவோ ஏதோ என்று பதறிப் பார்த்தால், 'இது சோதனைச் செய்தி' என்று இருந்தது. மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்திய 'செல் பிராட்காஸ்ட்' சோதனை அது.

இது எஸ்எம்எஸ் கிடையாது. எஸ்எம்எஸ் என்பது தபால்காரர் மாதிரி. ஒவ்வொரு நம்பராகத் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும். லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் வரிசையில் நின்று நின்று போகும். எல்லோரும் ஒரே சமயத்தில் போன் பேசும் புயல் நேரத்தில் இன்னும் தாமதம். செல் பிராட்காஸ்ட் என்பது கோயில் மைக் செட் மாதிரி. டவர் ஒரு முறை கத்தும். அந்த டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனும் கேட்டுக்கொள்ளும். யாருடைய நம்பரும் தேவையில்லை. நெரிசல் பிரச்சினையும் இல்லை. நீங்கள் வெளியூரிலிருந்து அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாலும் உங்கள் போன் அலறும்.

செல் பிராட்காஸ்ட் பெறும் வசதி இல்லாத போன்களை விற்கக் கூடாது என்று 2023-ல் மத்திய அரசு விதியே கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே வாங்கிய பழைய பட்டன் போன்தான் இன்றும் பல பெரியவர்களின் தலைமாட்டில் இருக்கிறது.

யார் பட்டனைத் தட்டுகிறார்கள்?

மழை, புயல் என்றால் இந்திய வானிலை ஆய்வு மையம். ஆற்று வெள்ளம் என்றால் மத்திய நீர் ஆணையம். சுனாமி, கடல் அலை என்றால் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ். இவர்கள் தரும் முன்னறிவிப்பு 'சசேத்' என்ற தளத்துக்கு வரும். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய தளம் இது. மாநில பேரிடர் மேலாண்மை ஆணையம் அதைப் பார்த்து, எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்து ஒப்புதல் கொடுத்தால், செல்போன் நிறுவனங்கள் வழியாக மக்களுக்குப் போகும். தமிழ்நாட்டில் இதோடு டிஎன்-ஸ்மார்ட் என்ற அமைப்பும், பொதுமக்களுக்கான டிஎன்-அலர்ட் என்ற செயலியும் இருக்கின்றன.

இந்தச் சங்கிலியில் யாரைக் காணோம் என்று கவனித்தீர்களா? உங்கள் ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும்தான். எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வரும், எந்தத் தெருவில் கழுத்தளவு வரும், மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி எந்த வீட்டில் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் எச்சரிக்கையின் வாசகம் எழுதப்படுவது பல நேரம் அவர்களைத் தாண்டி, மேலே.

அதனால்தான் நமக்கு வரும் செய்தி இப்படி இருக்கிறது: இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். 1.68 லட்சம் கனஅடி என்றால், 12,000 லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட 400, ஒவ்வொரு நொடியும் கடந்து போவது மாதிரி. இப்படிக் கணக்குப் போட்டால்தான் நமக்கே உறைக்கிறது. ஆற்றோரம் இருப்பவருக்குத் தேவை கனஅடி இல்லை. 'நம்ம மாரியம்மன் கோயில் படி வரைக்கும் தண்ணி வரும், நாலு மணிக்குள்ள ஸ்கூலுக்குப் போயிடுங்க' என்ற ஒரு வரி.

தமிழில் எழுதினால் இடம் போதவில்லை

இது கொஞ்சம் டெக்னிக்கலான விஷயம். ஆனால் தமிழ் படித்தவள் என்பதால் விட மனசில்லை. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து எழுதலாம். தமிழில் 70 தான். அந்த 70-ம் நாம் எண்ணுவது போல் எண்ணப்படுவதில்லை. 'கை' நமக்கு ஒரு எழுத்து. போனுக்கு இரண்டு, ககரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. புள்ளி வைத்தால் அதுவும் தனி. 'வெள்ள அபாய எச்சரிக்கை' என்ற தலைப்பு நமக்குப் பன்னிரண்டு எழுத்துதான். இடைவெளியோடு சேர்த்து போன் கணக்கில் 21. தலைப்பு எழுதி முடிப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு காலி.

நீளமானால் செய்தி இரண்டு மூன்று துண்டாக உடைந்து போகும். செல் பிராட்காஸ்ட்டில் இடம் இதைவிட அதிகம் என்றாலும் அங்கேயும் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடப் பாதிக்கும் குறைவுதான். ஆகவே 'பொதுமக்கள் அனைவரும் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று அரசாணைத் தமிழில் எழுத அங்கே இடமே இல்லை. ஊர், நேரம், எங்கே போவது. அவ்வளவுதான் எழுத முடியும், அவ்வளவு எழுதினால் போதும்.

டவரே படுத்துவிட்டால்?

புயல் வந்தால் முதலில் போவது கரண்ட். பல நேரம் பாதுகாப்புக்காக மின்வாரியமே நிறுத்திவிடும். டவர்கள் பேட்டரியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு ஜெனரேட்டர். டீசல் கொண்டுபோகும் சாலை மூழ்கிவிட்டால் அதுவும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தபோது தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்கள் செல்போன் தொடர்பே இல்லாமல் தீவாகிப் போயின. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது அப்போதுதான்.

இப்படிப்பட்ட நேரத்தில் 'இன்ட்ரா சர்க்கிள் ரோமிங்' என்ற ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை திறந்துவிடும். உங்கள் நிறுவனத்தின் டவர் செத்துப்போயிருந்தாலும், உயிரோடு இருக்கும் வேறு நிறுவன டவரில் உங்கள் போன் ஒட்டிக்கொள்ளலாம். தானாக மாறவில்லை என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா டவரும் போய்விட்டால் இதுவும் உதவாது.

ஒரு மைக் செட் காப்பாற்றிய ஊர்

2004 டிசம்பர் 26. புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமிச் செய்தி தெரிந்ததும் வீட்டுக்கு போன் போட்டார். கடல் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொல்ல, உடனே ஊரைக் காலி பண்ணச் சொன்னார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை அமைத்த கிராம அறிவு மையம் இருந்தது. மீனவர்களுக்கு அலை உயரம், காற்று நிலவரம் எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வதற்காக வைத்தது. மையத்தின் பூட்டை உடைத்து, மைக்கில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊர் மக்கள் தப்பினார்கள்.

அந்த ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு விஷயம். அது ஆபத்துக்கு மட்டும் வைத்ததல்ல. தினமும் பேசிக்கொண்டிருந்தது. அதனால் அன்று அது பேசியபோது மக்கள் நம்பினார்கள். ஜப்பானில் உள்ளாட்சிகள் தெருத்தெருவாக ஒலிபெருக்கி வைத்து, பல ஊர்களில் தினமும் சாயங்காலம் ஒரு பாட்டு போடுகின்றன. பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பும் நேரம் என்பது ஒரு பக்கம். ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்ற தினசரி சோதனையும் அதுதான்.

வெறும் சைரன் போதுமா என்றால், அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட்டில் மாவி தீவின் லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்தது. 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே சைரன்கள் இருந்தன, ஒலிக்கவில்லை. சைரன் கேட்டால் சுனாமி என்று நினைத்து மக்கள் மலைப்பக்கம் ஓடுவார்கள், தீ அங்கேதான் இருந்தது என்று விளக்கம் சொன்ன உள்ளூர் அவசரகால மேலாண்மை அதிகாரி பதவி விலகினார். அதே ஹவாயில் 2018 ஜனவரியில் ஏவுகணை வருகிறது என்று எல்லோர் போனுக்கும் தவறாக அலர்ட் போனது. தவறு என்று இன்னொரு அலர்ட் அனுப்ப 38 நிமிடம் ஆனது. சைரனுக்கு வாய் கிடையாது. அலர்ட்டுக்கு வாய் உண்டு, அது தப்பாகவும் பேசும்.

நம் கிராமங்களில் இந்த வேலையைக் காலங்காலமாகச் செய்தது தண்டோரா. அது ஒரு சமூகத்தின் தலையில் சுமத்தப்பட்ட வேலையாக இருந்ததால், தண்டோரா போடுவதைத் தடை செய்து, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி 2022 ஆகஸ்ட்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். சரியான முடிவு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மைக் கட்டிய ஆட்டோவை அனுப்ப உங்கள் ஊராட்சியில் ஏற்பாடு இருக்கிறதா? அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இப்போதே செய்ய வேண்டியது

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் 'எமர்ஜென்சி அலர்ட்' என்று தேடுங்கள். ஆன் ஆகி இருக்கிறதா பாருங்கள். சோதனை அலறலில் எரிச்சலாகி ஆஃப் செய்துவிட்டு மறந்தவர்கள் எங்கள் டெஸ்க்கிலேயே இருக்கிறார்கள். ஐபோனில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதியின் அடியில் இருக்கும். அப்பா அம்மா போனையும் பார்த்துவிடுங்கள்.

மாநில அவசரகால மையம் 1070. மாவட்டம் 1077. சென்னை மாநகராட்சி 1913. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 112.

1077-ல் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அது நீங்கள் இருக்கும் மாவட்டத்துக்குத்தான் போகும். சென்னையில் வேலை பார்க்கும் நீங்கள், தூத்துக்குடியில் தண்ணீருக்கு நடுவில் இருக்கும் அம்மாவுக்காக அழைத்தால், முன்னால் அந்த ஊர் எஸ்டிடி கோடைச் சேர்க்க வேண்டும்: 0461-1077. உங்கள் ஊரின் கோடு என்ன என்று இப்போதே பார்த்து போனில் சேமித்து வையுங்கள். ஒரு பேப்பரிலும் எழுதி வையுங்கள், சார்ஜ் இருக்காது.