கட்டில் இலக்கமும் கோவை இலக்கமும்

உளநெருக்கீடு என்றதும் தனி மனிதரின் துயரத்தையே நாம் நினைக்கின்றோம். வைத்தியசாலை, அலுவலகம், மாதர் சங்கம் என எந்த அமைப்பும் நெருக்கீட்டுக்கு உள்ளாகலாம். அப்போது தன்னைக் காத்துக்கொள்ள அது கைக்கொள்ளும் வழிகள், அங்கு வருபவர்களையும் வேலை செய்பவர்களையும் வருத்துவதுண்டு.

இதனை ஆழமாக ஆராய்ந்தவர் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர். இலண்டனில் டாவிஸ்டொக் நிறுவனத்தில் பணியாற்றிய இவர், அந்நகரின் போதனா வைத்தியசாலை ஒன்றில் தாதியர் சேவையை ஆராய்ந்து 1960 ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். அங்கிருந்த சுமார் 700 தாதியரில் பெரும்பாலானோர் பயிற்சி பெறும் மாணவிகள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகினர்.

நோயும் மரணமும் தரும் பயம் தாதியரைத் தாக்காதிருக்க, அந்த அமைப்பு தன்னை அறியாமலே சில வழக்கங்களை உருவாக்கியிருந்தது. ஒரு தாதி ஒரு நோயாளரை முழுமையாகப் பராமரிப்பதில்லை. வேலைகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. நோயாளரைப் பெயரால் அன்றி, கட்டில் இலக்கத்தாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிட்டார்கள். நித்திரை மாத்திரை கொடுப்பதற்காக உறங்கும் நோயாளரை எழுப்பியதும் உண்டு. சிறிய முடிவுக்கும் மேலிடத்தைக் கேட்டார்கள்.

இவற்றால் பயம் தீரவில்லை என்று மென்சீஸ் கண்டார். நோயாளரோடு பழகுவதால் கிடைக்கும் மனநிறைவுதான் பறிபோனது. விலகியவர்களில் ஆற்றலும் முதிர்ச்சியும் மிக்க மாணவிகள் பலர் இருந்தனர்.

இதைப் படித்தபோது, 2009 இல் போர் முடிந்த பின்னர் என் கணவரைத் தேடி நான் ஏறி இறங்கிய ஓர் அலுவலகம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் முதலிலிருந்து விசாரித்தார். கோவை இலக்கத்தைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நாள்தோறும் பலரின் கண்ணீரைப் பார்ப்பவருக்கு ஒரு கவசம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கவசத்தின் விலையைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. கடன் தவணை பிந்திய அங்கத்தவருக்குக் கடிதம் அனுப்புமுன், அவரை நன்கு அறிந்த ஒருவர் வீட்டுக்குப் போய்க் கதைப்பார். போய் வந்தவர் தன் மனப்பாரத்தை இறக்கி வைக்கக் கூட்டத்தில் நேரம் ஒதுக்குகின்றோம்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்தில் மற்றவரின் துயரம் கேட்பவர் யார்? அவருடைய துயரத்தைக் கேட்க ஒருவர் இருக்கின்றாரா? அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிக் கதையுங்கள்.